சூரியன் மறையாத ஊரில் ஐவேளைத் தொழுகை

தொழுகை முஃமின்கள் மீது நேரம் குறிக்கப்பட்ட கடமையாக இருக்கிறது. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 103ஆம் வசனத்தில் அல்லாஹுத்தஆலா இதைத் தெளிவாக அறிவித்திருக்கிறான். அந்த நேரங்களுக்குரிய அடையாளங்களை அவன் வானத்திலேயே அமைத்துவிட்டான். கிழக்கு வெளுத்தால் ஸுப்ஹு, உச்சி சாய்ந்தால் லுஹர், நிழல் நீண்டால் அஸர், சூரியன் அடைந்தால் மஃரிப், செவ்வானம் மறைந்தால் இஷா. எழுதப் படிக்கத் தெரியாதவரும், கடிகாரத்தைக் கண்ணால் காணாதவரும் அண்ணாந்து பார்த்தே நேரம் அறிந்து தொழுதுவந்தனர்.

ஆனால் சூரியன் அடையவே அடையாத ஊரில் ஒருவர் இருந்தால் என்ன செய்வார்? மஃரிப் எப்போது? இஷா எப்போது? ரமளான் வந்தால் எதைப் பார்த்து நோன்பு திறப்பார்?

இது வெறும் கற்பனைக் கேள்வியல்ல. இன்று நம்மவர்கள் படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் உலகின் எல்லா மூலைகளுக்கும் போகிறார்கள். வடதுருவத்தை ஒட்டிய ஊர்களிலும் முஸ்லிம்கள் குடியிருக்கிறார்கள். அங்கே பெரிய ஆலிம்கள் பக்கத்தில் இல்லாத ஓர் இளைஞர், "இரவே இல்லாத ஊரில் இஷா ஏது?" என்று தாமாகவே முடிவு செய்து தொழுகையை விட்டுவிடக் கூடும். மற்றொருவர் சூரியன் அடையும் வரை காத்திருப்பேன் என்று பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடும். மாற்றார் சிலரோ, "உங்கள் மார்க்கம் அரபு நாட்டு வானத்தை மட்டும் பார்த்து வகுத்தது; துருவத்துக்கு அது ஒத்துவருமா?" என்று ஏளனமாகவும் கேட்கிறார்கள். ஆகவே இந்த மஸ்அலாவை நாம் சற்று விரிவாகவே பார்ப்போம்.

இரவு வராதது ஏன்?

முதலில் இந்த அதிசயம் எப்படி நிகழ்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். வீட்டில் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு இதைச் செய்து காட்டலாம். ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, காம்பிலிருந்து அடிவரை ஓர் ஈர்க்கைச் செருகுங்கள். பழம் பூமி, ஈர்க்கு அதன் அச்சு. இருட்டறையில் ஒரு விளக்கை வைத்து, ஈர்க்கின் மேல்முனை விளக்கின் பக்கம் சாய்ந்திருக்கும்படி பிடித்துப் பழத்தை மெல்லச் சுழற்றுங்கள். பழத்தின் நடுப்பகுதி மாறி மாறி வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் போய்வரும். மேல்முனையைச் சுற்றியுள்ள சிறு வட்டமோ, எத்தனை முறை சுழற்றினாலும் வெளிச்சத்திலேயே இருக்கும். கீழ்முனை இருட்டிலேயே கிடக்கும். இனி ஈர்க்கின் சாய்வை மாற்றாமல் பழத்தை விளக்கின் மறுபக்கம் கொண்டுபோங்கள். இப்போது மேல்முனை இருட்டில், கீழ்முனை வெளிச்சத்தில்.

பூமியின் அச்சு ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்திருப்பதால்தான் இவ்வாறு நேர்கிறது. வடக்கே சுமார் 66½ பாகை அட்சரேகைக்கு அப்பால், ஆண்டில் ஒரு நாளாவது சூரியன் மறையாமல் இருக்கும். வடக்கே போகப் போக இந்த நாட்கள் கூடிக்கொண்டே போகும். துருவத்தின் உச்சியில் ஏறக்குறைய ஆறு மாதம் பகல், ஆறு மாதம் சூரியனே இல்லை.

நார்வே நாட்டின் வடபகுதியில் ட்ரோம்ஸோ என்றொரு நகரம் இருக்கிறது. சுமார் 69½ பாகைக்குச் சற்று மேலே அமைந்தது. அங்கே மே மாதம் 20ஆம் தேதி வாக்கில் உதித்துவிட்ட சூரியன், ஜூலை 22 வாக்கில்தான் மீண்டும் அடைகிறது. இடையில் இரண்டு மாதங்கள் நடுநிசியிலும் வெயில்தான்! அதற்கும் வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளிலுள்ள லாங்யர்பியன் என்ற ஊரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை, நான்கு மாதம் சூரியன் மறைவதில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே சூரியன் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதில்லை. 24 மணி நேரத்தில் வானத்தை ஒருமுறை சுற்றி வருகிறது. ட்ரோம்ஸோவில் ஜூன் மாதம் நண்பகலில் தெற்கே சுமார் 44 பாகை உயரத்தில் இருக்கும். பிறகு மேற்கே இறங்கி, நள்ளிரவில் வடக்கே அடிவானத்துக்குச் சற்று மேலே, சுமார் 3 பாகையில் தவழ்ந்து, அங்கிருந்தே கிழக்கு நோக்கி ஏறத் தொடங்கும். ஆகவே அங்கு 'நாள்' தொலைந்துவிடவில்லை. 'இரவு' மட்டுமே காணாமற்போனது. உச்சி சாய்வதைக் காணலாம். ஒரு கோலை நட்டால் நண்பகல் நிழலே ஏறக்குறைய கோலின் நீளத்துக்கு இருக்கும். அந்த நிழலைக் கழித்துவிட்டு அஸர் நேரத்தைக் கணக்கிடலாம். லுஹருக்கும் அஸருக்கும் அடையாளம் உண்டு. மஃரிபுக்கும் இஷாவுக்கும் ஸுப்ஹுக்கும்தான் அடையாளம் இல்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கேள்வி

இக்கேள்வி நம் காலத்தில்தான் புதிதாக முளைத்தது என்று எண்ண வேண்டாம். ஹிஜ்ரி 310 (கி.பி. 922)இலேயே இது முஸ்லிம்களின் முன் வந்துவிட்டது.

வோல்கா நதிக்கரையில் புல்கார் என்ற நாடு இருந்தது. அதன் மன்னர் இஸ்லாத்தை ஏற்று, மார்க்கம் கற்பிக்க ஆள் அனுப்புமாறு பக்தாதிலிருந்த அப்பாஸிய கலீபா முக்ததிருக்கு விண்ணப்பித்தார். கலீபா அனுப்பிய தூதுக் குழுவில் இப்னு பள்லான் என்பவர் சென்றார். அவர் எழுதிவைத்த பயணக் குறிப்பில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. பக்தாதைச் சேர்ந்தவரான, மன்னரின் தையற்காரர் ஒருவர் அவருடைய கூடாரத்துக்கு வந்தார். இஷா பாங்கை எதிர்பார்த்து இருவரும் பேசிக்கொண்டிருந்தனர். பாங்கொலி கேட்டு வெளியே வந்து பார்த்தால் விடிந்திருந்தது! "எந்தத் தொழுகைக்குப் பாங்கு சொன்னீர்?" என்று முஅத்தினிடம் கேட்டார். ஸுப்ஹுக்கு என்றார் அவர். இஷா என்னவாயிற்று என்று கேட்டதற்கு, அதை மஃரிபுடன் சேர்த்தே தொழுதுவிடுகிறோம் என்றார். ஸுப்ஹு தவறிவிடுமோ என்ற அச்சத்தால் ஒரு மாதமாக இரவில் தூங்கவே இல்லை என்றும் அந்த முஅத்தின் கூறினாராம்.

புல்கார் துருவ வட்டத்துக்குள் இல்லை. சுமார் 55 பாகையில் இருந்தது. அங்கே சூரியன் அடைகிறது. ஆனால் கோடையில் அடிவானத்துக்குக் கீழே அதிகம் இறங்காமல் மேலோட்டமாகப் போய்த் திரும்புகிறது. அதனால் அந்தி வெளிச்சம் முற்றிலும் மறைவதற்குள் விடியல் வெளிச்சம் வந்து கலந்துவிடுகிறது. சூரியன் 18 பாகை கீழிறங்கினால்தான் வானம் முழுதும் இருளும். சுமார் 48½ பாகைக்கு வடக்கே கோடையின் உச்சத்தில் இது நடப்பதில்லை. எனவே இஷாவின் சிக்கல், துருவத்துக்கு வெகு தொலைவிலேயே தொடங்கிவிடுகிறது.

இமாம்களின் விவாதம்

நேரமே வராத தொழுகை கடமையாகுமா? இதுவே ஃபிக்ஹு நூல்களில் புல்கார் மக்களின் மஸ்அலா என்று பெயர் பெற்ற கேள்வி.

ஹனஃபீ அறிஞர்களில் இமாம் பக்காலி (ரஹ்) அவர்கள் கடமையாகாது என்றார்கள். இரு கைகளும் முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்டவருக்கு ஒளுவின் நான்கு பர்ளுகளில் மூன்றுதானே எஞ்சும்? கையைக் கழுவும் பர்ளுக்கு இடமே இல்லை. அதுபோல நேரம் இல்லாதபோது அந்தத் தொழுகைக்கும் இடமில்லை என்பது அவர்களுடைய வாதம்.

ஹிஜ்ரி 861இல் வபாத்தான இமாம் கமாலுத்தீன் இப்னுல் ஹுமாம் (ரஹ்) அவர்கள் பத்ஹுல் கதீர் என்ற நூலில் இதை மறுத்தார்கள். கை என்பது கடமை நிறைவேறும் இடம். நேரம் என்பது கடமையை அறிவிக்கும் அடையாளம். இடம் போனால் கடமை போகலாம். அடையாளம் மட்டும் மறைந்தால் கடமை போய்விடாது. வேறு ஆதாரத்தால் அது நிலைபெற்றிருக்கலாம். மிஃராஜில் ஐம்பது ஐந்தாகக் குறைக்கப்பட்டபோது, அந்த ஐந்து எல்லா நாட்டு மக்களுக்கும் பொதுவாகவே கடமையாயிற்று. இன்ன நாட்டாருக்கு ஐந்து, இன்ன நாட்டாருக்கு நான்கு என்று பிரிக்கப்படவில்லை. இதுவே அவர்களுடைய விளக்கத்தின் சாரம்.

ஷாபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் வழி காட்டியிருக்கிறார்கள். செவ்வானம் மறையாத ஊரார், செவ்வானம் மறையும் மிக நெருங்கிய ஊரைப் பார்க்க வேண்டும். சூரியன் அடைந்தபின் எவ்வளவு நேரத்தில் அங்கே செவ்வானம் மறையுமோ, அவ்வளவு நேரம் கழித்து இவர்கள் இஷாத் தொழ வேண்டும்.

இந்த விவாதம் பிற்காலம் வரை நீடித்தது. வோல்கா பகுதியிலுள்ள கஸான் நகரத்து ஆலிம் ஷிஹாபுத்தீன் மர்ஜானி (ரஹ்) அவர்கள், செவ்வானம் மறையாவிட்டாலும் இஷா பர்ளுதான் என்பதை நிலைநாட்ட 1870இல் தனி நூலே வெளியிட்டார்கள். ஒரே ஒரு வேளைத் தொழுகைக்காக நம் முன்னோர் எவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நபிமொழி தரும் திறவுகோல்

இம்மஸ்அலாவின் திறவுகோலை ஸஹீஹ் முஸ்லிமில் நவ்வாஸ் இப்னு ஸம்ஆன் (ரளி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் காண்கிறோம். தஜ்ஜால் பூமியில் நாற்பது நாட்கள் தங்குவான்; அவற்றில் ஒரு நாள் ஓராண்டைப் போலவும், ஒரு நாள் ஒரு மாதத்தைப் போலவும், ஒரு நாள் ஒரு வாரத்தைப் போலவும் நீண்டிருக்கும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன்னறிவித்தார்கள்.

இதைக் கேட்ட ஸஹாபாக்கள் என்ன கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். அவ்வளவு நீண்ட நாளில் சோறு தண்ணீருக்கு என்ன செய்வது என்று அவர்கள் அவ்விடத்தில் கேட்கவில்லை. ஓராண்டு போன்ற அந்த நாளில் ஒரு நாள் தொழுகை எங்களுக்குப் போதுமா என்றே கேட்டார்கள்! போதாது, அதற்குரிய அளவைக் கணித்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள்.

இந்த விடையில் நமக்கு வேண்டிய அனைத்தும் இருக்கிறது. அந்த ஒரு நாளில் நிழல் ஒரு மடங்காக நீள்வதற்கு முன்பே முந்நூறுக்கும் மேற்பட்ட அஸர்த் தொழுகைகள் கடமையாகிவிடும். வானத்து அடையாளம் வராத நிலையிலும் தொழுகை உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? மேலும், நேரத்தைக் கணிக்கும் பொறுப்பு மனிதரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. கடுங்குளிரும் நள்ளிரவுச் சூரியனும் உள்ள நாட்டைக் கண்டிராத பாலைவன மக்களுக்கு, அத்தகைய நாட்டிலும் பயன்படும் விதி 1,400 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. ஏளனம் செய்வோருக்கு இதுவே போதுமான மறுமொழி.

எதைக் கொண்டு கணிப்பது?

கணிக்க வேண்டும் என்பது சரி. எந்த ஊரை அளவுகோலாகக் கொள்வது? இதில் அறிஞர்களிடையே பல கருத்துகள் உள்ளன.

ஸவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை ஹிஜ்ரி 1398 (1978)இல் ஒரு தீர்மானம் செய்தது. 24 மணி நேரத்துக்குள் இரவும் பகலும் பிரிந்து தெரியும் ஊரில், பகல் எவ்வளவு நீண்டாலும் அவ்வூர் நேரப்படியே தொழ வேண்டும், நோன்பு நோற்க வேண்டும். சூரியன் மறையாத அல்லது உதிக்காத ஊரிலோ, இரவு பகல் பிரியும் மிக நெருங்கிய நாட்டின் நேரத்தைக் கொண்டு கணிக்க வேண்டும்.

மக்காவிலுள்ள ராபித்தாவின் ஃபிக்ஹு சபை ஹிஜ்ரி 1402 (1982)இலும் 1406 (1986)இலும் இதை ஆராய்ந்தது. 48 முதல் 66 பாகை வரையுள்ள ஊர்களில், அடையாளம் மறைந்துபோகும் இஷாவையும் ஸுப்ஹையும் மட்டும் கணித்துக்கொள்ளலாம். 66 பாகைக்கு அப்பால் எல்லா நேரங்களையும் 45 பாகையிலுள்ள நேரங்களை ஒட்டிக் கணிக்கலாம் என்று கூறியது. 45 பாகையில் ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகலும் சுமார் 15½ மணி நேரந்தான். இரவு நன்றாக இருளும். ஐந்து நேரங்களும் தனித்தனியே தெரியும். அந்த அளவைத் தெரிந்தெடுத்ததன் பொருத்தம் இப்போது விளங்கும்.

மக்கா முகர்ரமாவின் நேரத்தையே கொள்ளலாம் என்போரும் உண்டு. அதே ஊரில் கடைசியாக இரவு பகல் பிரிந்த நாளின் கணக்கை வைத்துக்கொள்ளலாம் என்போரும் உண்டு. ஆனால் அந்தக் கடைசி இரவு சில நிமிடங்களே இருக்குமாதலால், அதற்குள் நோன்பு திறந்து, மஃரிபும் இஷாவும் தொழுது, ஸஹரும் உண்பது இயலாத காரியமாகிவிடும்.

இக்கருத்துகள் ஏட்டோடு நின்றுவிடவில்லை. கனடாவின் வடகோடியில் இனுவிக் என்ற ஊர் சுமார் 68 பாகையில் உள்ளது. அங்குள்ள சிறு ஜமாஅத்துக்குப் பள்ளிவாசல் இல்லாதிருந்தது. அங்கேயே கட்ட ஆகும் செலவோ மிக அதிகம். ஆகவே 2010ஆம் ஆண்டு வின்னிபெக் நகரில் பள்ளியைக் கட்டி, லாரியிலும் ஆற்றுப் படகிலுமாக ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் கொண்டுபோய் நிறுத்தினார்கள்! அவ்வாண்டு நவம்பரில் அது திறக்கப்பட்டது. கோடை ரமளானில் அவ்வூரார் எட்மன்டன் நகரத்து நேரத்தைப் பின்பற்றி வந்தனர். கனடாவின் முதல் பள்ளிவாசல் 1938இல் எழுந்த நகரம் அது. எட்மன்டனில் சூரியன் அடையும் நேரத்தில், இங்கே தலைக்கு மேல் வெயில் இருக்கும்போதே பேரீத்தம்பழத்தை எடுத்து நோன்பு திறப்பார்கள். ட்ரோம்ஸோ ஜமாஅத்தினரோ நடுநிசிச் சூரியன் காலத்தில் மக்கா நேரத்தைத் தெரிந்துகொண்டனர்.

நோன்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை

இவற்றைப் படித்துவிட்டு, பகல் நீண்டால் உடனே மக்கா நேரத்துக்கு மாறிவிடலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சூரியன் மறையாத ஊர் வேறு. தாமதமாக மறையும் ஊர் வேறு. நார்வேயின் ட்ரோன்ஹைம் நகரில் ஜூன் மாதத்தில் சூரியன் 20 மணி நேரத்துக்கு மேல் வானில் இருக்கும்; ஆனாலும் அடைந்துவிடும். அத்தகைய ஊரில் சூரியன் அடையும்வரை நோன்பிருப்பதே முன்சொன்ன தீர்மானங்களின் முடிவு.

அதற்காக மார்க்கம் யாரையும் வதைக்கவில்லை. நோயாளியும், நோன்பைத் தொடர்ந்தால் நோயோ கடுந்தீங்கோ நேருமென்று அனுபவத்தாலோ மருத்துவர் சொல்லாலோ அறிந்தவரும் நோன்பை விட்டு, பகல் குறுகிய வேறு நாட்களில் களாச் செய்துகொள்ளலாம். அல்லாஹ் நமக்கு எளிதையே நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை.

ரமளான் ஆண்டுதோறும் பத்து, பதினொரு நாட்கள் முன்னே நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவந்துவிடுகிறது. 1983இல் ஜூனில் வந்த ரமளான் 2015இல் மீண்டும் ஜூனில் வந்தது. ஆகவே ஒரு நாட்டாருக்கே என்றும் நீண்ட நோன்பு, மற்றவருக்கு என்றும் குறுகிய நோன்பு என்ற நிலை இல்லை. சந்திரக் கணக்கில் உள்ள நீதி இது.

நினைவில் வைக்க வேண்டியவை

1. பூமியின் எந்தக் கோடியிலும் ஒரு நாளைக்கு ஐவேளைத் தொழுகை உண்டு. அடையாளம் மறைந்ததால் கடமை மறையாது.

2. அடையாளம் தெரியும் ஊரில் அடையாளத்தையே பின்பற்ற வேண்டும். கணிப்பு தேவைக்கு வந்தது, வசதிக்கு வந்ததல்ல.

3. கணிப்பு முறைகளில் ஒன்றை உள்ளூர் ஜமாஅத்தும் ஆலிம்களும் தெரிந்தெடுத்துவிட்டால் எல்லோரும் அதிலேயே நிற்க வேண்டும். மஃரிபுக்கு ஒரு நேரம், ஸஹருக்கு வேறொரு நேரம் என்று தனக்கு எளிதானதைப் பொறுக்கிக்கொள்வது முறையல்ல. ஒரே ஊரில் இரண்டு பெருநாள் வைத்துச் சண்டையிடுவதும் முறையல்ல.

4. மாரிக்காலத்தில் சூரியன் உதிக்காத நாட்களுக்கும் இதே விதி பொருந்தும்.

5. வெளிநாடு செல்லும் பிள்ளைகளுக்கு உடுப்பும் ஊறுகாயும் கட்டிக் கொடுக்கும்போது, சென்று சேரும் ஊரின் தொழுகை நேரம் எது, அங்கே ஜமாஅத் உண்டா என்பதையும் பெற்றோர் விசாரித்துச் சொல்லியனுப்ப வேண்டும்.

நமது ஊரிலோ நாள்தோறும் ஐந்து அடையாளங்களும் கண்முன்னே வந்து போகின்றன. கிழக்கு வெளுக்கிறது, பாங்கும் ஒலிக்கிறது. ஆனாலும் எத்தனை வீடுகளில் ஸுப்ஹு களாவாகிறது! ஸுப்ஹு தவறிவிடுமோ என்று ஒரு மாதம் தூங்காதிருந்த புல்கார் முஅத்தினுக்கு நம்மைவிட எளிதான வானம் கிடைத்திருக்கவில்லை. தெளிவான நேரங்களைக் கொடுத்த நாயனுக்கு நாம் செய்ய வேண்டிய நன்றி, அவற்றில் தொழுவதுதான்.

எந்நாட்டில் இருந்தாலும் தொழுகையை அதன் நேரத்தில் பேணும் நல்லடியார்களாக வல்ல ரஹ்மான் நம்மையும் நம் சந்ததியரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.